எலியிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம்

சிறுநீர்ப்பைப் புற்றுநோயை விலங்குகளில் ஆராய்பவர்களிடம் வெளியில் உள்ளவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எலிக்கு வந்தால் மனிதருக்கும் வருமா, எலிக்குக் குணமானால் மனிதருக்கும் குணமாகுமா? இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் பதில், இந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது என்பதுதான். இரண்டில் ஏதாவது ஒன்றை அவசரமாகச் சொன்னபோதெல்லாம் இத்துறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. விலங்கு மனிதரைப் போல இருப்பதால் அதன் சாட்சியம் செல்லும் என்று நம்புகிறவர்களும், மனிதரைப் போல இல்லாததால் செல்லாது என்று ஒதுக்குகிறவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவருமே ஒற்றுமையை மட்டும் அளந்து பார்க்கிறார்கள். எங்கள் துறையின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பார்த்தால், ஒரு விலங்கு எந்த இடத்தில் மனிதரிடமிருந்து விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று கண்டுபிடித்த பிறகே அது சொன்னது பயன்பட்டிருக்கிறது. வேற்றுமை தெரியாத மாதிரி, எவ்வளவு ஒத்ததாகத் தோன்றினாலும், ஆபத்தானது.

1895ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலையில் ஃபுக்சின் என்ற சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டதாக அறிவித்தார். 45 பேரில் 3 பேர். சாதாரண மக்களிடம் அரிதாகக் காணப்பட்ட நோய் ஒரே பட்டறையில் இத்தனை பேருக்கு வந்தது தற்செயலாக இருக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் குற்றவாளி எந்த வேதிப்பொருள் என்பதை உறுதி செய்ய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம், ஆய்வாளர்கள் எலிக்கும் முயலுக்கும் அந்தப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையில் கட்டி வரவில்லை. ‘எலிக்கு வரவில்லை’ என்ற அந்த வெற்று முடிவு தொழிற்சாலைகளுக்கு வசதியாகப் போயிற்று. சாயம் காய்ச்சும் கொப்பரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஹூப்பர், எலியை விட்டுவிட்டு நாயை எடுத்துக்கொண்டார். சாயத் தயாரிப்பில் பயன்பட்ட பீட்டா நாஃப்தைலமின் கொடுக்கப்பட்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வந்ததை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1938இல் வெளியிட்டார்கள். அதன் பிறகும் உற்பத்தி உடனே நிற்கவில்லை. பிரிட்டனில் அந்தப் பொருளின் உற்பத்தி 1949இல்தான் நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு வந்த புற்றுநோயை 1954இல் பிரிட்டிஷ் சாயத் தொழிலாளர் ஆய்வு கணக்கெடுத்துக் காட்டியது.

நாய்க்கு ஏன் வந்தது, எலிக்கு ஏன் வரவில்லை? இதற்கான விடை பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்தது. பீட்டா நாஃப்தைலமின் போன்ற அரோமாட்டிக் அமின் வகைப் பொருள்கள் உடலுக்குள் போனதும் கல்லீரல் அவற்றை இரண்டு வழிகளில் கையாளுகிறது. ஒன்று, அசிட்டைல் குழுவைச் சேர்த்து அடக்கிவிடுவது. மற்றொன்று, ஆக்சிஜனேற்றம் செய்து அனுப்புவது. இரண்டாவது வழியில் போனவை சிறுநீரில் வந்து சேர்ந்து, அமிலத் தன்மையில் பிரிந்து, சிறுநீர்ப்பையின் உள்படலத்தில் உள்ள டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கின்றன. அசிட்டைல் சேர்க்கும் நொதிக்கான மரபணு நாய்க்கு இல்லவே இல்லை. ஆகவே அதற்கு முதல் வழி அடைபட்டிருக்கிறது. நச்சு முழுவதும் இரண்டாவது வழியில் போகிறது. மனிதர்களில் சிலருக்கு அந்த நொதி வேகமாக வேலை செய்கிறது, சிலருக்கு மெதுவாக. மெதுவாக வேலை செய்பவர்கள் சாயத் தொழிலிலோ புகைப்பழக்கத்திலோ சிக்கினால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பது பிறகு மனித ஆய்வுகளில் தெளிவாயிற்று. இங்கே நின்று யோசிக்க வேண்டும். நாய் உண்மையைச் சொன்னது, அது மனிதரை ஒத்திருந்ததால் அல்ல. மனிதரிடமிருந்து ஓர் இடத்தில் முற்றிலும் விலகியிருந்ததால், மனிதர்களுக்குள்ளேயே இருந்த ஒரு வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டியது. நாய் சிறுநீரை நெடுநேரம் அடக்கி வைத்திருக்கும் விலங்கு என்பதும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு நேரம் அடக்கி வைக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு உள்படலத்தில் சேதம் கூடுகிறது என்று நாய்களிலேயே பின்னர் அளந்திருக்கிறார்கள். கல்லீரல், சிறுநீரகம், சிறுநீரின் அமிலத் தன்மை, அடக்கி வைக்கும் நேரம் ஆகிய நான்கும் சேர்ந்து இந்த நோயை உண்டாக்குகின்றன. தட்டில் வளர்க்கும் செல்லில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

எதிர்த் திசையில் நடந்த பிழைக்கு உதாரணம் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு. 1977இல் வெளிவந்த கனடிய ஆய்வில், உணவில் 5 விழுக்காடு சோடியம் சாக்கரின் கலந்து இரண்டு தலைமுறையாகக் கொடுக்கப்பட்டபோது, ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டிகள் வந்தன. கனடா உணவுச் சேர்க்கையாக அதைத் தடை செய்தது. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தடை செய்ய முனைய, மக்கள் எதிர்ப்பால் நாடாளுமன்றம் தலையிட்டுத் தடையை நிறுத்தி, எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னது. அந்த வாசகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாக்கெட்டுகளில் இருந்தது. இதற்கிடையே சாமுவேல் கோஹன் முதலியோர் எலியின் சிறுநீரையே நுணுகிப் பார்த்தார்கள். எலியின் சிறுநீர் மனிதருடையதைவிடச் செறிவானது; ஆண் எலியின் சிறுநீரில் புரதம் மிக அதிகம். அவ்வளவு சோடியம் உப்பு உள்ளே போனால் சிறுநீரின் காரத் தன்மை ஏறி, கால்சியம் பாஸ்பேட் படிவுகள் உண்டாகின்றன. அந்தப் படிவுகள் உள்படலத்தை அரிக்கின்றன. அரிபட்ட இடத்தில் செல்கள் மீண்டும் மீண்டும் பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தில் கட்டி உண்டாகிறது. சோடியத்தை நீக்கி அமில வடிவத்தில் சாக்கரினைக் கொடுத்தால் இந்த விளைவு இல்லை. வைட்டமின் சி-யின் சோடியம் உப்பை அதே அளவு கொடுத்தாலோ எலியிடம் அதே போக்கு தெரிந்தது. மனிதரின் சிறுநீரில் அந்த நிலைமை உண்டாவதில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்கா சாக்கரினைப் புற்றுநோய்ப் பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. எச்சரிக்கை வாசகமும் போயிற்று. இதை ‘எலி பொய் சொன்னது’ என்று சொல்பவர்கள் உண்டு. எலி பொய் சொல்லவில்லை. தன் சிறுநீர்ப்பையில் என்ன நடந்ததோ அதைச் சரியாகவே காட்டியது. அதை அப்படியே மனிதருக்குப் பெயர்த்து எழுதியவர்கள் இடையில் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் படியை நிரப்பியதும் எலி ஆய்வுதான் என்பதை மறக்கக் கூடாது.

இதே விஷயம் நம் வாசலுக்கும் வந்தது. நீரிழிவுக்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் மாத்திரை தமிழ்நாட்டு வீடுகளுக்கு அறிமுகமானதுதான். அந்த மருந்தை அங்கீகரிக்கும் முன்பே ஆண் எலிகளில் சிறுநீர்ப்பைக் கட்டி கண்டறியப்பட்டிருந்தது. சுண்டெலிகளிலோ பெண் எலிகளிலோ அப்படி இல்லை. 2011இல் பிரான்ஸ் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. 2013 ஜூனில் இந்திய அரசு அதைத் தடுத்து வைத்து, நீரிழிவு மருத்துவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பின் ஜூலை இறுதியில் எச்சரிக்கைக் குறிப்போடு மீண்டும் அனுமதித்தது. இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் மாத்திரையைத் தொடர்வதா விடுவதா என்று தெரியாமல் எத்தனையோ நோயாளிகள் குழம்பினார்கள். எலி ஆய்வு இதில் என்ன சொல்கிறது? ஆண் எலியின் சிறுநீரை அமிலமாக்கும் உணவைச் சேர்த்துக் கொடுத்தால் படிவுகளும் குறைகின்றன, கட்டிகளும் குறைகின்றன. ஆக, எலியில் வந்த கட்டிக்கு முக்கியமான வழி சாக்கரின் போன படிவு வழிதான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்த வழி மனிதரிடம் இல்லை என்று எலி காட்டுவதால், வேறு எந்த வழியும் மனிதரிடம் இல்லை என்று ஆகிவிடாது. நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2015இல் வந்த ஒன்று குறிப்பிடத்தக்க கூடுதல் அபாயம் இல்லை என்றது, 2016இல் வந்த மற்றொன்று இருக்கிறது என்றது. இந்த இடத்தில் எலியிடம் மேலும் கேட்பதற்கு எதுவும் இல்லை. மீதிக் கேள்வியை மனிதர்களின் மருத்துவப் பதிவுகளிடம்தான் கேட்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இந்த மாத்திரையைத் தரக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்த நியாயம் ஆண் எலியிலிருந்து வரவில்லை, முரண்படும் மனிதச் சான்றிலிருந்து வருகிறது.

விலங்கு வாய் திறக்காதபோது மனிதர் முந்திக்கொள்ள வேண்டியதற்கு ஆர்சனிக் சாட்சி. தைவானின் தென்மேற்குக் கரையில் ஆழ்கிணற்று நீர் குடித்தவர்களும், சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரில் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த ஆற்று நீரைக் குடிநீராகப் பெற்றவர்களும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயால் மிகுதியாக மாண்டார்கள். அன்டோஃபகாஸ்டாவில் நீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்த மரணங்கள் தொடர்ந்தன. ஆனால் சாதாரண ஆர்சனிக்கை எலிக்கும் சுண்டெலிக்கும் கொடுத்து இந்த நோயை உண்டாக்க நெடுங்காலம் முடியவில்லை. எலியின் இரத்தச் சிவப்பணுக்கள் ஆர்சனிக்கின் ஒரு வடிவத்தைப் பற்றி வைத்துக்கொள்கின்றன; மனிதர் உடலில் அப்படி நடப்பதில்லை. எலிக்கு வந்தால்தான் நம்புவோம் என்று யாராவது அடம்பிடித்திருந்தால், வங்காளத்தின் ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணறுகளைப் பற்றி எச்சரிக்க இன்னும் எத்தனை ஆண்டுகள் கடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

கேள்வியைச் சரியாக அளந்து கேட்டால் விலங்கு என்ன தரும் என்பதற்கு எங்கள் துறையில் பி.சி.ஜி.யை விடச் சிறந்த உதாரணம் இல்லை. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் ஊற்றினால் மேலோட்டமான புற்றுக் கட்டி திரும்ப வருவது குறையும் என்று கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலஸும் உடன் பணியாற்றியவர்களும் 1976இல் அறிவித்தார்கள். ஒன்பது நோயாளிகள்தான். ஆனால் அந்த ஒன்பது பேருக்குப் பின்னால் மூன்று விலங்குக் கேள்விகள் இருந்தன. மூன்றும் சின்னக் கேள்விகள். சிறுநீர்ப்பையின் சுவர், தோலைப் போலத் தாமதித்து வரும் நோயெதிர்ப்பு வினையைக் காட்டுமா? 1966இல் கினிப் பன்றியின் சிறுநீர்ப்பையில் காட்டும் என்று தெரிந்தது. பி.சி.ஜி. கட்டியை அழிக்க என்ன நிபந்தனைகள் வேண்டும்? கினிப் பன்றிகளிலேயே, கட்டி சிறியதாக இருக்க வேண்டும், கிருமி கட்டியை நேராகத் தொட வேண்டும், உடலுக்கு எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்த மூன்று நிபந்தனையும் ஒருசேர அமையும் உறுப்பு உடலில் அதிகம் இல்லை. குழாய் வழியாக மருந்தை ஊற்றி வைக்கக்கூடிய சிறுநீர்ப்பை அப்படிப்பட்டது. மூன்றாவது, உள்ளே ஊற்றினால் ஆபத்தா? 1975இல் நாய்களில் பார்த்தார்கள். அழற்சி வந்தது, நாய்கள் தாங்கிக்கொண்டன. ‘பி.சி.ஜி. சிறுநீர்ப்பைப் புற்றைக் குணமாக்குமா’ என்று எந்த விலங்கிடமும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெரிய கேள்வியை மனிதரிடமே கேட்டார்கள்.

பின்னாளில் எலிகள் வேறொரு வேலையைச் செய்தன: பி.சி.ஜி. எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவது. தைமஸ் சுரப்பி இல்லாத, எனவே டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் இல்லாத சுண்டெலிகளில் பி.சி.ஜி. பயன் தரவில்லை என்று 1987இல் காட்டப்பட்டது. 2012இல் வெளிவந்த ஒரு சுண்டெலி ஆய்வு, ஒரே தடவை ஊற்றினால் சிறுநீர்ப்பைக்குள் டி செல்கள் பெரிதாக வருவதில்லை, திரும்பத் திரும்ப ஊற்றும்போதுதான் திரண்டு வருகின்றன என்று காட்டியது. முன்பே தோலடியில் பி.சி.ஜி. போட்ட எலிகளில் அவை விரைவாகவும் திரளாகவும் வந்தன. இன்றும் வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்பதே தொடக்கச் சிகிச்சை. மொராலஸ் ஆறு என்று வைத்தது விலங்கு ஆய்வால் அல்ல. அந்நாளில் மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பெட்டியாக வந்ததும் ஒரு காரணம். அந்த ஆறுக்கு ஓரளவு அறிவியல் நியாயத்தைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் எலி தந்தது. பிறந்தவுடன் பி.சி.ஜி. போடப்படும் நம் நாட்டுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். கிண்டியில் 1948 முதல் இயங்கும் ஆய்வகம் நாட்டின் குழந்தைகளுக்கு அந்த ஊசி மருந்தைத் தயாரித்துத் தந்த இடம். கையில் அந்தத் தழும்போடு வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பையில் பி.சி.ஜி. ஊற்றினால் கூடுதல் பயன் கிடைக்குமா? எலி இந்தக் கேள்வியை எழுப்பத்தான் முடியும். ஆண்டுக்கணக்காக உயிரோடிருக்கும் நோயெதிர்ப்பு நினைவு, வெளியில் சந்திக்கும் பிற மைக்கோபாக்டீரியாக்கள், முதுமை என்று எல்லாம் கலந்த ஓர் உடலைக் கூண்டில் வளர்ந்த எட்டு வார எலியால் காட்ட முடியாது.

இனி அன்றாட வேலைக்கு வருகிறேன், ஏனெனில் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. சிறுநீர்ப்பைக்குள்ளேயே கட்டியை வளர்க்கும் முறை இப்படிப் போகும். சுண்டெலியை ஐசோஃப்ளூரேன் ஆவியில் மயக்கி மல்லாத்திப் படுக்க வைக்கிறோம். குழந்தைகளுக்குக் கையில் போடும் மஞ்சள் நிற 24 கேஜ் கேனுலாவில் ஊசியை உருவிவிட்டு, பிளாஸ்டிக் உறையை மட்டும் ஜெல்லி தடவிச் சிறுநீர்த் துளைக்குள் செலுத்துகிறோம். அடிவயிற்றை விரலால் மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றிய பின், உள்படலத்தின் பாதுகாப்புப் பூச்சைக் குலைக்கப் பாலிலைசின் போன்ற ஒன்றைச் சிறிது நேரம் வைத்திருந்து எடுக்கிறோம். அதன் பிறகுதான் புற்றுச் செல்கள் உள்ளே போகும், ஒரு துளி அளவு, 50 மைக்ரோலிட்டர். சற்று வேகமாகத் தள்ளினாலும், அளவு கூடினாலும் திரவம் சிறுநீர்க் குழாய் வழியே சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். பிறகு கட்டி சிறுநீரகத்தில் வளரும், ஆய்வு கெடும். மனிதருக்கு மைட்டோமைசின் என்ற மருந்தை ஊற்றினால் ஒன்று, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கச் சொல்கிறார்கள். எலி அடக்காது. மயக்கத்திலேயே வைத்திருந்தால்தான் மருந்து உள்ளே தங்கும்; அவ்வளவு நேர மயக்கமும் அதன் உடலை மாற்றும். இந்த விவரங்கள் எதுவும் வெளியாகும் கட்டுரையின் சுருக்கத்தில் இருக்காது. ஆனால் ஒரு மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது பல சமயம் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தக் கஷ்டத்துக்குப் பயந்தே பல ஆய்வகங்கள் எளிய வழியை எடுக்கின்றன: புற்றுச் செல்லை எலியின் விலாவில் தோலுக்கடியில் ஊசியால் போட்டு, வெளியே புடைத்து வரும் கட்டியை வெர்னியர் காலிபரால் அளப்பது. வேகமானது, மலிவானது, எண்ணிக்கை துல்லியமாக வரும். ஆனால் அங்கே சிறுநீர் இல்லை. மருந்து இரத்தத்தின் பக்கமிருந்து வருகிறது. சிறுநீர்ப்பையில் ஊற்றும் மருந்து உள்படலத்தின் பக்கமிருந்து வர வேண்டும். சுற்றியுள்ள திசு வேறு, நோயெதிர்ப்புச் செல்கள் வேறு. இரத்த வழி செல்லும் ஒரு மருந்து கட்டிச் செல்லைக் கொல்லுமா என்று கேட்பதற்கு இது போதும். சிறுநீர்ப்பைக்குள் ஊற்றும் ஒரு மருந்தைப் பற்றி இதனிடம் கேட்பது, நீச்சல் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஒருவரை வயல் வரப்பில் ஓடவிட்டுப் பார்ப்பது போன்றது.

இதைவிட ஆழமான பிசகு ஒன்று நெடுங்காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. சிறுநீர்ப்பைப் புற்று ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம் வருகிறது. ஆனால் குழாய் செலுத்தும் முறையில் கிட்டத்தட்ட எல்லோரும் பெண் எலியையே எடுக்கிறார்கள். பெண் எலிக்குச் சிறுநீர் வெளியேறும் வழி குட்டையானது, நேரானது, ஆணுக்கு வளைந்து நீண்டது. மிகப் பரவலாகப் பயன்படும் எம்.பி.49 என்ற செல் ஆண் சுண்டெலியிலிருந்து வந்தது. அதாவது ஆண்களின் நோயை, ஆண் செல்லைக் கொண்டு, பெண் எலியின் உடலில் படித்துக்கொண்டிருந்தோம். பால் வேறுபாட்டையே கேள்வியாக்கிப் பார்த்தவர்களுக்கு எலி உடனே பதில் தந்தது. பி.பி.என். என்ற நைட்ரோசமின் பொருளைக் குடிநீரில் 0.05 விழுக்காடு கலந்து, ஒளி படாத குப்பிகளில் பல வாரங்கள் கொடுத்தால் சுண்டெலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வரும். ஆண் எலிகளுக்கு முன்னதாகவும் அதிகமாகவும் வரும். ஆண் ஹார்மோனை உணரும் ஏற்பி இல்லாத எலிகளில் இந்தப் பொருளால் ஒன்றுக்கும் கட்டி வரவில்லை என்று 2007இல் வெளியானது. எம்.பி.49இன் சில செல்களில் ஒய் குரோமோசோம் உதிர்ந்துபோயிருந்தது ஒரு குறையாகவே பார்க்கப்பட்டு வந்தது. 2023இல் அந்தக் குறையையே ஆராய்ந்தவர்கள், ஒய் இழந்த கட்டிகள் டி செல்களைச் சோர்வடையச் செய்து மூர்க்கமாக வளர்கின்றன, ஆனால் நோயெதிர்ப்புத் தடையை நீக்கும் மருந்துகளுக்கு நன்றாகப் பணிகின்றன என்று கண்டார்கள். வயதான ஆண்களின் செல்களில் ஒய் இழப்பு சாதாரணமாக நடப்பது. மாதிரியின் குறை என்று ஒதுக்கப்பட்டது, நோயின் ஓர் இயல்பாகத் தேர்ந்தது. வேற்றுமையை மறைக்காமல் எழுதி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மரபணு மாற்றிய எலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறுநீர்ப்பையின் உள்படலத்தில் மட்டும் வேலை செய்யும் யூரோபிளாக்கின் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியைக் கொண்டு, அந்த இடத்தில் மட்டும் ஒரு புற்று மரபணுவைத் தூண்ட முடிகிறது. ராஸ் மரபணு மாற்றத்தால் மேலோட்டமான காளான் வடிவக் கட்டியும், பி53, பிடென் மரபணுக்கள் இரண்டையும் நீக்கினால் தசைக்குள் ஊடுருவும் கட்டியும் வருகின்றன. இந்த நோய் இரண்டு வெவ்வேறு பாதைகளில் போகிறது என்று நோயியலாளர்கள் கண்ணால் கண்டு சொன்னதற்கு இது வலுவான ஆதாரம். ஆனால் மனிதரின் மேலோட்டக் கட்டிகளில் பாதிக்கு மேல் காணப்படும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 மரபணு மாற்றத்தை மட்டும் எலிக்குக் கொடுத்த தொடக்க ஆய்வுகளில் கட்டி வரவில்லை. இந்த ‘வரவில்லை’யும் ஒரு செய்தி: அந்த மாற்றம் தனியாக நிற்கும்போது பெரும்பாலும் போதாது, கூட ஒன்று வேண்டும்.

விலங்கு உரிமைக்காகப் பேசுபவர்களின் ஆட்சேபம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. கட்டி வளர்ந்த எலிக்குச் சிறுநீர் அடைபடுகிறது, கூண்டில் விரித்த மரத்தூளில் இரத்தக் கறை தெரிகிறது, முதுகு கூனி ஒரு மூலையில் ஒடுங்குகிறது. அந்தக் கட்டத்துக்கு முன்பே ஆய்வை முடித்துவிட வேண்டும் என்று நெறிமுறைக் குழு விதிக்கும் எல்லை ஒரு படிவச் சடங்கு அல்ல. அதைத் தாண்டுவது கொடுமை. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மாற்று, குறைப்பு, மென்மையாக்கம் என்ற மூன்று கொள்கைகளை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நோயாளியின் கட்டியிலிருந்து வளர்க்கும் ஆர்கனாய்டுகள் வந்துவிட்டன; கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் சிறுநீர்ப்பைக் கட்டிகளுக்கு இதைச் செய்து காட்டினார்கள். 2022 இறுதியில் அமெரிக்காவும் 2023இல் இந்தியாவும், மருந்து அனுமதிக்கு விலங்கு அல்லாத சோதனைகளையும் ஏற்கலாம் என்று சட்ட விதிகளைத் திருத்தின. கட்டிச் செல் இந்த மருந்துக்குச் சாகுமா என்பதுதான் கேள்வியானால், ஆர்கனாய்டு இருக்க எலியைத் தொடுவது தவறு என்றே சொல்வேன். ஆனால் ஹூப்பரின் நாய் காட்டியதை ஆர்கனாய்டு காட்டாது. நிரம்பி, விரிந்து, சுருங்கி, அமிலமும் படிவும் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு பை. அதற்குப் பின்னால் ஒரு கல்லீரல். சுற்றிலும் ஒரு நோயெதிர்ப்பு மண்டலம். இவற்றின் கூட்டு விளைவு கேள்வியாக இருக்கும்போது இன்னும் உயிருள்ள உடல் தேவைப்படுகிறது. தேவையில்லாத கேள்விக்கு ஒரு விலங்கைப் பயன்படுத்துவதையும், தேவையான கேள்விக்குத் தவறான விலங்கைப் பயன்படுத்துவதையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன். இரண்டிலும் அந்த உயிர் வீணாகிறது.

மருந்து ஆராய்ச்சியாளர்களின் ஆட்சேபம் வேறு வகை. மனிதச் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்தில் ஒன்பது தோற்கின்றன; அவை எல்லாம் எலியில் வென்றவைதானே என்பார்கள். உண்மை. ஆனால் எந்த எலி, எந்த வயது, எந்தப் பால், கட்டி எங்கே என்று கேட்டால் பதில் கிடைக்கும். சிறுநீர்ப்பைப் புற்று எழுபதை ஒட்டிய வயதினரின் நோய். ஆய்வு எலிக்கு ஆறு முதல் எட்டு வாரம். மனித நோயாளிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு முதலில் காணப்படுவது தசையைத் தொடாத மேலோட்டக் கட்டி, எம்.பி.49 எலியைச் சில வாரங்களில் கொன்றுவிடும். தரப்படுத்தல் வேண்டாமா, ஒவ்வொருவரும் ஒவ்வொரு எலியை எடுத்தால் முடிவுகளை எப்படி ஒப்பிடுவது என்று சக ஆய்வாளர்கள் கேட்பது நியாயம். எல்லோரும் ஒரே தவறான கேள்வியைத் துல்லியமாகக் கேட்டால் ஒப்பிடக் கிடைப்பதும் ஒரே தவறுதான் என்பது என் பதில். ஒப்பீட்டுக்கு ஒரே எலி வேண்டியதில்லை. ஒவ்வோர் அறிக்கையிலும் எலியின் பால், வயது, கட்டி இருந்த இடம், மருந்து போன பாதை, அது தங்கிய நேரம் ஆகியவை மறைக்காமல் எழுதப்பட்டிருந்தால் போதும்.

நோயாளியை உண்மையில் அலைக்கழிக்கும் பிரச்சினைக்கு எங்களிடம் நல்ல எலி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டியைச் சுரண்டி எடுத்த பின் திரும்பத் திரும்ப வருவதுதான் இந்த நோயின் இயல்பு. சில மாதங்களுக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், பல ஆண்டுகள். எலியின் சிறுநீர்ப்பையில் அப்படிச் சுரண்டி எடுக்கவும் முடியாது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. வீட்டில் வளரும் நாய்களிடம் இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. ஸ்காட்டிஷ் டெரியர் இன நாய்களுக்கு மற்ற நாய்களைவிடப் பதினெட்டு, இருபது மடங்கு இந்த நோய் வருகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டெபோரா நாப் குழுவினர், உரிமையாளர் சம்மதத்தோடு, அந்த நாய்களை நோயாளிகளாகவே சேர்த்துச் சிகிச்சை அளித்துப் படிக்கிறார்கள். களைக்கொல்லி தெளித்த புல்வெளிகளில் திரிந்த ஸ்காட்டிஷ் டெரியர்களுக்கு அபாயம் கூடியிருந்தது என்று 2004இல் அவர்கள் காட்டினார்கள். மனிதரோடு ஒரே வீட்டில், ஒரே தூசியில் வாழும் உயிர் அது. இதிலும் வேற்றுமையைக் குறித்து வைக்க வேண்டும். நாய்க் கட்டிகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஊடுருவும் வகை. அவற்றில் மிகுதியாகக் காணப்படும் பி.ராஃப் மரபணு மாற்றம் மனிதரின் சிறுநீர்ப்பைக் கட்டியில் அரிது. ஆகவே பி.ராஃப்பைத் தாக்கும் மருந்தை நாயில் பார்த்து மனிதச் சிறுநீர்ப்பைக்குப் பேச முடியாது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் வளர்வது, உள்ளே ஊற்றும் மருந்து எவ்வளவு ஆழம் போகிறது, எந்தச் சூழல் நச்சு தூண்டுகிறது என்ற கேள்விகளைக் கேட்கலாம். இவற்றுக்கு விடை கிடைக்க ஒரு நாயின் ஆயுளில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவமனைகளும் மனிதப் புற்றுநோய் மையங்களும் ஒரே பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் முடிவு கேட்கும் நிதித் திட்டங்களில் இந்த வேலைக்கு இடமில்லை.